‘பெரியவர் தாங்கிக்குவார்’: ஒரு மரப்பு ஊசியின் வரலாறு

பல்லைப் பிடுங்கப் போனாக்கூட டாக்டர் முதல்ல மரத்துப்போக ஒரு ஊசி போடுவார், இல்லையா? ஆனா புராஸ்டேட் சுரப்பியில் ஊசி விட்டுத் திசு எடுக்கும் பயாப்ஸிக்கு, 1990-களில்கூடப் பல ஆஸ்பத்திரிகளில் அது கிடையாது. ஏன்? இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

மருந்து இல்லாம இல்லை. 1943-லேயே ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரென், பெங்ட் லுண்ட்க்விஸ்ட் என்ற இரண்டு வேதியியலாளர்கள் லிடோகெயினை உருவாக்கிட்டாங்க. லுண்ட்க்விஸ்ட் அதைத் தன் உடம்பிலேயே போட்டுப் பார்த்தார். 1948-ல் ‘சைலோகெயின்’ என்ற பெயரில் கடைக்கும் வந்தது.

1989-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஹாட்ஜ், மெக்நீல், ஸ்டேமி உள்ளிட்ட குழுவினர் ஒரு முறையை வெளியிட்டார்கள். மலக்குடல் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்தபடி, சுரப்பியில் ஆறு இடத்தில் திசு எடுப்பது. ஸ்பிரிங் வைத்த ஊசி. ஒவ்வொரு குத்தும் கண் இமைக்கிற நேரம்தான். ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்பதே போதும்னு நினைச்சாங்க. பிறகு ஆறு குத்து பத்தாச்சு, பன்னிரண்டாச்சு. பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனை பரவியதும், ஐம்பது வயசுக்காரர்களும் அந்த மேஜைக்கு வந்தார்கள்.

மருந்தை எங்கே போடுவது? அதற்கான வரைபடம் வேறொரு தேடலில் கிடைத்தது. ஆபரேஷனுக்குப் பிறகும் ஆண்மை நீடிக்க வழி தேடிய வால்ஷும் டோங்கரும், சுரப்பியின் ஓரமாகப் போகும் நரம்புகளை 1982-ல் விவரித்தார்கள். 1996-ல் நாஷ் குழு அந்த நரம்புகள் பக்கத்தில் லிடோகெயின் செலுத்தி, வலி குறைவதைக் காட்டியது. மருந்து வந்து கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு!

அதன்பிறகு வலியை அளப்பதும் மும்முரமானது. பத்து சென்டிமீட்டர் கோடு ஒன்று. ஒரு முனை ‘வலியே இல்லை’, மறுமுனை ‘இதுக்கு மேல வலி கிடையாது’. நோயாளி நடுவில் ஒரு குறி போடணும். பல ஆய்வுகளில் வயது குறைந்தவர்களே அதிக வலியைக் குறித்தார்கள். சிலவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. இளையவர்களுக்கு ஆசனவாய்த் தசை இறுக்கம் அதிகம், பயமும் அதிகம் என்று காரணம் சொல்கிறார்கள். கருவி உள்ளே நுழையும்போது வருகிற வலியை நரம்பு ஊசி தடுப்பதும் இல்லை.

இதில் எனக்கு ஒரு பயம் உண்டு. அந்தக் கோடு அளப்பது, ஒருத்தர் வெளியே சொன்ன வலியை மட்டும்தான். எழுபது வயசுக்காரர் ‘பரவாயில்ல தம்பி’ன்னு சொல்லிட்டா, குறி கீழேதான் விழும். அந்தச் சராசரியைக் காட்டி யாருக்கும் மருந்தை மறுக்க முடியாது.

உங்க அப்பாவுக்கோ தாத்தாவுக்கோ இந்த டெஸ்ட் எழுதிக் கொடுத்தா, மரப்பு ஊசி உண்டான்னு முன்னாடியே கேட்டுடுங்க. அவங்களா கேட்க மாட்டாங்க.