வளைவுக் குவில்ட்டுகளில் டை வெட்டு

பருத்தித் துணியைச் சில அடுக்குகளாக எஃகு டையின் (கூரிய வெட்டச்சின்) மேல் பரப்பி, அழுத்தம் கொடுத்து, வளைந்த ஓரமுள்ள துண்டுகளை ஒரே அளவில் வெட்டியெடுக்கும் முறை இது. குடிகாரன் பாதை எனப் பொருள்படும் ‘டிரங்கர்ட்ஸ் பாத்’, இரட்டைத் திருமண மோதிரம் எனப்படும் ‘டபுள் வெட்டிங் ரிங்’ ஆகிய அமெரிக்கக் குவில்ட் (ஒட்டுத்துணிப் போர்வை) வடிவங்கள் இம்முறையால் பெரிதும் பயனடைந்தன.

வளைவு கடினமானது. இணைக்கவேண்டிய இரண்டு துண்டுகளில் ஒன்று உட்குழிந்தும் மற்றது வெளிப்புடைத்தும் இருக்கும். தையல் கோட்டில் இரண்டுக்கும் நீளம் ஒன்றுதான். வெட்டிய ஓரத்தில் நீளம் வேறுபடும். ரவிக்கையில் கை பொருத்துவதைப் போலவே இங்கும் ஒன்றை மற்றதோடு அணைத்துத் தைக்க வேண்டும். கால்வட்ட வளைவின் நடுப்பகுதி கிராஸில் (நூலோட்டத்துக்குச் சாய்வாக) விழுவதால் துணி எளிதில் இழுபட்டுவிடும்.

டிரங்கர்ட்ஸ் பாத்தில் ஒரு சதுரத்துக்கு இரண்டு துண்டுகள், ஒரு கட்டத்துக்கு 16 சதுரங்கள். 30 கட்டங்கள் கொண்ட போர்வைக்கு 960 துண்டுகள் தேவை. சதுரங்களைத் திருப்பி அடுக்கினால் அதே துண்டுகளிலிருந்து வேறு வேறு வடிவங்கள் பிறக்கும். 1874இல் தொடங்கப்பட்ட பெண்கள் கிறித்தவ மதுவிலக்குச் சங்கத்தோடு இவ்வடிவத்தை இணைத்துச் சொல்வது வழக்கம். நீலமும் வெள்ளையும் சங்கத்தின் நிறங்கள் என்றும் கூறுவர். சங்கத்தின் அடையாளம் வெள்ளை நாடாவே என்பதைச் சுட்டி, இத்தொடர்பு பின்னாளில் மிகைப்படுத்தப்பட்டதாகக் கருதுவோரும் உண்டு.

டை வெட்டு குவில்ட்டுக்காகப் பிறந்ததன்று. 19ஆம் நூற்றாண்டில் காலணித் தொழிற்சாலைகள் தோலை வெட்ட இதைப் பயன்படுத்தின. வீடுகளில் அட்டை அல்லது தகர அச்சும் பென்சிலும் கத்தரிக்கோலும்தான் இருந்தன.

குவில்ட்டில் டை வெட்டு நன்கு பதிவான காலம் 1920களின் இறுதியும் 1930களும். ‘கேன்சஸ் சிட்டி ஸ்டார்’ நாளிதழ் 1928இல் குவில்ட் வடிவங்களை வெளியிடத் தொடங்கி 1961 வரை தொடர்ந்தது; ஆயிரத்துக்கும் மேற்பட்டவை அச்சேறின. டபுள் வெட்டிங் ரிங் அச்சில் பரவலானதும் 1928இல்தான். அதற்கு முன்பே அது வழக்கில் இருந்தது என்போரும் உளர். வடிவத்தின் வயது பற்றி ஒருமித்த முடிவில்லை. அதன் வளையங்கள் சின்னஞ்சிறு ஆப்புத் துண்டுகளால் ஆனவை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் பழைய ஆடையின் மிச்சமும், மாவும் தீவனமும் வந்த பூப்போட்ட பருத்திச் சாக்கும் இவ்வளையங்களில் இடம்பிடித்தன. அதே ஆண்டுகளில், டையால் வெட்டி முடித்த துண்டுகளைத் தொகுப்பாக அடுக்கித் தபாலில் விற்கும் வணிகமும் வளர்ந்தது. வாங்கியவர் கத்தரிக்கோலைத் தொடாமலே தைக்கத் தொடங்கலாம். இன்று கிடைக்கும் ஒரு வளையக் குவில்ட் வீட்டு மிச்சத் துணியால் ஆனதா, தொகுப்பு வாங்கித் தைத்ததா என்று எப்போதும் எளிதில் பிரித்துச் சொல்ல முடிவதில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் குவில்ட் ஆர்வம் தணிந்தது, 1970களில் மீண்டது.

1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் கொண்டுவந்த சுழல்கத்தி நேர்வெட்டை விரைவாக்கியது. நேரான அளவுகோலை ஒட்டி ஓடும் அக்கத்தியால் வளைவுக்கு அதே அளவு நன்மை கிட்டவில்லை. அந்த இடத்தை வீட்டு டை இயந்திரம் நிரப்பியது. 1977இல் அமெரிக்காவில் தொடங்கிய எல்லிசன் நிறுவனம் முதலில் பள்ளிகளுக்குக் காகித எழுத்துகள் வெட்டும் கருவியை அளித்தது. அதன் சிசிக்ஸ் பிரிவு பின்னர் துணிக்கும் டைகள் தந்தது. நெப்ராஸ்காவின் ஒமாஹாவைச் சேர்ந்த அக்யூகுவில்ட் 2009இல் ‘கோ’ என்னும் கைப்பிடி இயந்திரத்தை வெளியிட்டது.

இவ்வகை டையில் பலகையில் பதித்த எஃகுத் தகட்டைச் சுற்றி நுரைப்பஞ்சு இருக்கும். துணிக்கு மேல் பிளாஸ்டிக் பாய் வைத்து, உருளைகளுக்கிடையே செலுத்துவர். நுரை அமுங்கத் தகடு துணியை அறுக்கும். உருளை கடந்ததும் நுரை எழும்பித் துண்டைத் தள்ளிவிடும். கால் அங்குலத் தையல் விடுப்பும் டையிலேயே அடங்கும். வளைவின் நடுவே விழும் சிறு நாட்ச் (அடையாள வெட்டு) இதன் மிக அழகான நுணுக்கம்: இரண்டு துண்டுகளின் நாட்சையும் பொருத்தி ஓர் ஊசி குத்திவிட்டால், தைப்பவரின் அச்சத்தில் பாதி நீங்கிவிடும். துணியின் நேர்நூலை டைக்கு இணையாக வைப்பது அவசியம். மாறினால் சதுரம் கோணும்.

2017இல் வந்த கிரிக்கட் மேக்கர் போன்ற கணினிவழி வெட்டிகள் பல அளவு வளைவுகளையும் டையின்றி வெட்டும், ஆனால் பொதுவாக ஓர் அடுக்காகத்தான். ஒரே வடிவில் நூற்றுக்கணக்கான துண்டுகள் தேவைப்படும் டிரங்கர்ட்ஸ் பாத் போன்றவற்றுக்கு, ஒரே ஓட்டத்தில் பல அடுக்குகளை அறுக்கும் எஃகு டையே இன்றும் விரைவான வழி.