கணினிக்குள் கணினியும் சிதம்பரத்தில் படித்த மாணவரும்

கணினிக்குள் இன்னொரு கணினி இருக்க முடியுமா? முடியும். விண்டோஸ் ஓடும் பெட்டியில் ஒரு சன்னலுக்குள் லினக்ஸ் ஓடுவதைப் பலர் பார்த்திருப்பார்கள். தமிழில் இதை மெய்நிகராக்கம் என்கிறார்கள் (வர்ச்சுவலைசேஷன் என்றால்தான் கல்லூரியில் புரியும்!).

2003-இல் பிரான்ஸைச் சேர்ந்த ஃபாப்ரிஸ் பெல்லார் கியூஎமு என்ற மென்பொருளை வெளியிட்டார். ஒரு வகை பிராசசருக்கான கட்டளைகளை இன்னொரு வகைக்கு மாற்றி ஓட்டும். ஆனால் வேகம் குறைவு. 2006-இல் இஸ்ரேலின் குமுரானெட் நிறுவனத்தில் இருந்த அவி கிவிட்டி, இன்டெல், ஏஎம்டி சில்லுகளில் அப்போது புதிதாக வந்திருந்த வசதியைப் பயன்படுத்தி கேவிஎம் எழுதினார். சில மாதங்களிலேயே, 2007 பிப்ரவரியில், அது லினக்ஸ் 2.6.20 கெர்னலில் சேர்ந்தது. 2008-இல் ரெட் ஹாட் நிறுவனம் குமுரானெட்டை 10.7 கோடி டாலருக்கு வாங்கியது. கேவிஎம் வேகம் தரும். டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவற்றைப் போலிசெய்து காட்ட கியூஎமு வேண்டும். ஆக இரண்டும் ஜோடி.

இந்தக் கதையில் நம் பக்கத்து ஆள் ஒருவரும் உண்டு. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் கணினிப் பொறியியல் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி. 2005-இல் அவர் தொடங்கிய நிறுவனத்தில் பிறந்தது கிளஸ்டர் எஃப்எஸ். பல சாதாரண சர்வர்களின் டிஸ்குகளைச் சேர்த்து ஒரே பெரிய கோப்பகமாகக் காட்டும் கட்டற்ற மென்பொருள் அது. 2011 அக்டோபரில் ரெட் ஹாட் அதையும் 13.6 கோடி டாலருக்கு வாங்கியது. மறு ஆண்டு டிசம்பரில் வெளிவந்த கியூஎமு 1.3-இல், மெய்நிகர் கணினிகளின் டிஸ்கை நேரடியாக கிளஸ்டரில் வைக்கும் வசதி வந்தது. அதை எழுதியவர் இந்தியாவில் ஐபிஎம்மில் பணியாற்றிய பரதா ராவ்.

சரி, இதற்கும் மாணவர் திட்டங்களுக்கும் என்ன சம்பந்தம்?

2005 கோடையில் கூகுள் நிறுவனம் சம்மர் ஆஃப் கோட் என்ற திட்டத்தைத் தொடங்கியது. விடுமுறையில் கட்டற்ற மென்பொருளுக்கு நிரல் எழுதும் மாணவருக்கு 4,500 டாலர். வழிகாட்டும் அமைப்புக்கு 500 டாலர். முதல் ஆண்டிலேயே 400 பேருக்கு மேல் எடுக்கப்பட்டார்கள். அடுத்த பத்தாண்டில் மிக அதிக மாணவர்களை அனுப்பிய கல்லூரி எது தெரியுமா? அமெரிக்கக் கல்லூரியும் இல்லை, ஐஐடியும் இல்லை. இலங்கையின் மொறட்டுவைப் பல்கலைக்கழகம்! அங்கே ஏற்கெனவே போய்வந்த சீனியர்கள் ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்.

கியூஎமுவும் கேவிஎம்மும் இதில் ஒரே அணியாகச் சேர்ந்தன. முதலில் அணியில் இருப்பவர்கள் திட்ட யோசனைகளை எழுதிப் பட்டியலிட வேண்டும். என்ன வேலை, எந்த மொழி, எவ்வளவு கடினம், வழிகாட்டி யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். கேட்க எளிது. ஆனால் நல்ல யோசனை எழுதுவது தனி வித்தை. பன்னிரண்டு வாரத்தில் முடிய வேண்டும். மிக அவசரமான வேலையாகவும் இருக்கக் கூடாது, மாணவர் பாதியில் விட்டுப் போனால் மொத்த வெளியீடும் தள்ளிப் போகும். யாருக்கும் தேவையில்லாத வேலையாகவும் இருக்கக் கூடாது, முடித்தாலும் யாரும் சேர்க்கமாட்டார்கள்.

நன்றாக அமைந்ததற்கு ஓர் உதாரணம்: 2011-இல் ஃபாம் ஜெங் என்ற மாணவர், விஎம்வேர் நிறுவனத்தின் டிஸ்க் கோப்புகளை கியூஎமு சரியாகப் படிக்கும்படி திருத்தும் திட்டத்தை எடுத்தார். வழிகாட்டி ஸ்டெஃபான் ஹைனோட்சி. பின்னாளில் ஜெங் ரெட் ஹாட்டில் சேர்ந்து, கியூஎமுவின் சில பகுதிகளுக்குப் பராமரிப்பாளராகவே ஆனார். ஒரு கோடைக்குக் கொடுத்த உதவித்தொகையை விட இதுதான் பெரிய லாபம்.

ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது, அதுவும் நம் சிதம்பரத்துக் கதையிலேயே. காலப்போக்கில் கிளஸ்டர் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோனது. 2024 டிசம்பரில் வந்த கியூஎமு 9.2, கிளஸ்டர் ஆதரவைக் கைவிடப்படும் பட்டியலில் சேர்த்தது. கோடிக்கணக்கான டாலருக்கு விற்ற மென்பொருள்தான்! காசு கொடுத்து வாங்கினாலும், தினமும் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டுமே...

திட்டத்தில் குறைகளும் உண்டு. 2017 முதல் உதவித்தொகை நாட்டுக்கு நாடு மாறியது. அதில் இந்திய மாணவர்களுக்கு அமெரிக்க மாணவர்களை விடக் குறைவு. ஒரே பேட்சுக்கு ஊருக்கு ஒரு கூலியா என்று கோபப்பட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. 2022 முதல் மாணவராக இருக்க வேண்டும் என்ற விதியும் தளர்ந்தது.

பண்ருட்டியிலோ கடலூரிலோ படிக்கும் ஒருவருக்கு இது எட்டாத உயரமா? கேவிஎம்முக்கு வேண்டிய வசதி இல்லாத பழைய லேப்டாப்பிலும் கியூஎமு ஓடும், மெதுவாக. கெர்னலை எத்தனை முறை உடைத்தாலும் உண்மையான கணினிக்கு ஒன்றும் ஆகாது. சி மொழி தெரிய வேண்டும். தனியாகத் திணற வேண்டியதுமில்லை, பக்கத்து விழுப்புரத்திலேயே குனு/லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது. விண்ணப்பிக்கும் முன் ஒரு சின்னத் திருத்தமாவது அனுப்பியவருக்கே வழிகாட்டிகள் முதலில் காது கொடுப்பார்கள். யோசனைப் பட்டியல்கள் வழக்கமாக பிப்ரவரி வாக்கில் வெளியாகும். விண்ணப்பம் மார்ச், ஏப்ரலில், அதாவது சரியாக மாடல் எக்ஸாம் நேரத்தில்! அதனால் முதல் பேட்சை பொங்கல் லீவிலேயே அனுப்பிவிடுவது உத்தமம்.