மீனை வெறுத்த நாட்கள்

2005 ஜனவரியில் அம்பாறைக் கரையோரத்தில் மீன் விலைபோகவில்லை. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது என்று தொடரும் இவ்வூர்களில் மீன் ஆணம் இல்லாத பகற்சோற்றை எண்ணிப் பார்ப்பதே அரிது. ஆயினும் 2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பின்னர், 'பிணம் தின்ற மீன்' என்ற எண்ணம் தொண்டையை அடைத்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் இதுவே. மாண்டோர் 10,000க்கும் மேல். மீனால் தீங்கில்லை என்று அதிகாரிகள் அறிவித்தும் பயனில்லை. அதனை மூடநம்பிக்கை என்று எழுதிய பத்திரிகைக்காரர்களுள் நானும் ஒருவன். அவசரப்பட்டுவிட்டேன் என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

அமெரிக்க உளவியலாளர் ஜோன் கார்சியா 1955இல் எலிகளுக்கு இனிப்பு நீர் கொடுத்து, கதிர்வீச்சால் அவற்றை நோயுறச் செய்தார். பின்னர் அவை அந்நீரைத் தவிர்த்தன. இத்தகைய வெறுப்புக்கு ஒரே அனுபவம் போதும். நம்மவர்களுக்கோ அந்த அனுபவம்கூட வேண்டியிருக்கவில்லை; மீனால் எவரும் நோயுறவில்லை, எண்ணமே போதுமானதாயிற்று. கெட்ட நாற்றத்தை முகரும்போது மூளையின் இன்சுலா என்னும் மடிப்பு கிளர்ச்சியுறுகிறது. பிறர் முகத்தில் அருவருப்பைக் கண்டாலும் அதே பகுதி கிளர்ச்சியுறுவதை 2003இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டினர். ஒரு வீட்டு உம்மா முகஞ்சுளித்தால் அடுத்த வீட்டுச் சட்டியிலும் மீன் வேகாமற்போனதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மீன் மெல்லத் திரும்பியது. பசியும் பழகிய சுவையும் வென்றன. கரைவலை மீண்டும் இழுக்கப்பட்டது. கடலச்சம் வேறு வகை. அச்சத்தைப் பதியவைப்பதில் அமிக்டலா என்னும் வாதுமை வடிவப் பகுதிக்குப் பெரும் பங்குண்டு. அலையற்ற நாட்கள் தொடரும்போது நெற்றிக்குப் பின்னுள்ள மூளைப்பகுதி அதனை அடக்கக் கற்கிறது. பழைய பதிவு அழிவதில்லை. மணியோசைக்கு எச்சில் ஊறுவதை மறந்த நாய்க்குச் சிறிது ஓய்வு கொடுத்தால் அது மீண்டும் ஊறுவதை ரஷ்யாவின் பாவ்லோவ் முன்பே கண்டிருந்தார்.

2012 ஏப்ரல் 11 பிற்பகல், சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவில் நிலம் அதிர்ந்தது. எச்சரிக்கை வெளியானதும் கிழக்குக் கரையோர மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேற்கே விரைந்தனர். ஏழாண்டு அமைதி ஒரு நொடியில் கலைந்தது. பேரலை வரவில்லை. 2004இல் நம்மில் பலருக்குச் சுனாமி என்ற சொல்லே தெரியாது. இம்முறை அலைக்கு முன்பே கால்கள் ஓடின.