பாடிக்கொண்டே கவனித்த பெட்டி: வீட்டுக் கணினியில் இருவர் ஆடிய மெட்டுப் புதிர், 1975–1982

முன்னுரை

தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைத்த ஒரு வீட்டுக் கணினி. அதன் முன்னால் இரண்டு பேர், ஆளுக்கொரு பொத்தான். வரிகள் இல்லாமல் மெட்டு மட்டும் ஒலிக்கத் தொடங்கும். பாட்டு எதுவென்று பிடிபட்டவர் முந்திக்கொண்டு பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தியதும் மெட்டு நின்றுவிடும். பெயரைச் சரியாகச் சொன்னால் புள்ளி; தவறினால் வாய்ப்பு மற்றவருக்கு.

இந்த ஆட்டம் வீட்டுக் கணினிக்கு வந்த கதையை ஒலிச்சில்லுகளின் கதையாக மட்டும் சொல்லிவிடலாம்: ஒரு குரல் நான்காயிற்று, கரகரப்பு இனிமையாயிற்று என்று. அது பாதி உண்மைதான். இந்த ஆட்டத்துக்கு இனிய குரல் அவ்வளவு தேவைப்படவில்லை. பாடும்போதே இரண்டு பேரின் விரல்களையும் கவனிக்கிற திறன்தான் தேவைப்பட்டது. 1975 முதல் 1982 வரை அந்தத் திறன் எப்படி வந்து சேர்ந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

ஆட்டத்தின் வேர்

அமெரிக்காவில் 1952-இல் என்பிசி வானொலியிலும், அடுத்த ஆண்டு தொலைக்காட்சியிலும் தொடங்கிய 'நேம் தட் டியூன்' நிகழ்ச்சி இந்த ஆட்டத்துக்கு ஒரு பொது வடிவம் தந்தது. இசைக்குழு மெட்டை வாசிக்கும். போட்டியாளர்கள் இருவரில் மணியை முதலில் அடித்தவர் பதில் சொல்வார். 1970-களில் மீண்டும் ஒளிபரப்பானபோது அதில் ஒரு புதிய சுற்று சேர்ந்தது. இத்தனை சுரத்திலேயே சொல்லிவிடுவேன் என்று போட்டியாளர்கள் மாறி மாறி எண்ணைக் குறைத்துக்கொண்டே போவார்கள். ஒரு மெட்டை அடையாளம் காண எவ்வளவு குறைவான சுரம் போதும் என்பதையே அந்தச் சுற்று ஆட்டமாக்கியது.

இதே கேள்வியை நூலாசிரியர்களும் எடுத்துக்கொண்டார்கள். பார்லோ, மார்கன்ஸ்டெர்ன் இருவரும் 1948-இல் வெளியிட்ட இசைக்கரு அகராதி சுமார் 10,000 மெட்டுகளை ஒரே சுருதிக்கு மாற்றி, சுர எழுத்து வரிசையில் அடுக்கியது. 1975-இல் டெனிஸ் பார்சன்ஸ் இன்னும் துணிந்தார். சுரத்தின் பெயரே வேண்டாம்; முந்தைய சுரத்தைவிட ஏறுகிறதா, இறங்குகிறதா, அதிலேயே நிற்கிறதா என்பது மட்டும் போதும் என்றார். அந்த மூன்று குறிகளைக் கொண்டே அவருடைய நூலில் மெட்டைத் தேடிப் பிடிக்கலாம். மெட்டின் ஏற்ற இறக்க வடிவம் மனித நினைவில் தனி இடம் பிடிக்கிறது என்று உளவியலாளர் டௌலிங் 1978-இல் எழுதிய ஆய்வும் இதையே வேறு வழியில் காட்டியது.

நம் ஆட்டத்துக்கு இதன் பொருள் பெரிது. சுருதி சற்றுப் பிசகினாலும், குரல் தகரம்போல ஒலித்தாலும், ஏற்ற இறக்கமும் தாளமும் சரியாக இருந்தால் காது மெட்டைப் பிடித்துக்கொள்ளும். ஒரே குரலுள்ள எளிய கணினியும் இந்த ஆட்டத்துக்குப் போதுமான பாடகர்.

பாட மட்டும் தெரிந்த இயந்திரங்கள்

கணினி பாடியது வீட்டுக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பே. 1951-இல் மான்செஸ்டரில் ஃபெரான்டி மார்க் 1 இயந்திரம் வாசித்த மெட்டுகளை பிபிசி பதிவு செய்தது. ஆனால் அது ஓர் அறையை அடைத்த ஆய்வக இயந்திரம்.

வீட்டுக் கணினியின் இசை வரலாறு 1975 ஏப்ரல் 16 அன்று, கலிபோர்னியாவின் ஹோம்புரூ கணினிக் கழகக் கூட்டத்தில் தொடங்குகிறது எனலாம். கழக உறுப்பினர் ஸ்டீவ் டாம்பியர் கொண்டுவந்த ஆல்டேர் 8800 கணினியில் திரையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இயந்திரம் வேலை செய்யும்போது பக்கத்திலுள்ள வானொலியில் இரைச்சல் கிளம்புவதை அவர் கவனித்திருந்தார். எந்தக் கட்டளைச் சுற்று எந்தச் சுரமாகக் கேட்கிறது என்று கண்டறிந்து, முகப்பு விசைகளை ஒவ்வொன்றாகத் தட்டி நிரலை ஏற்றினார். வானொலியிலிருந்து பீட்டில்ஸ் குழுவின் 'தி ஃபூல் ஆன் தி ஹில்' கேட்டது. அடுத்து வந்தது 'டெய்சி'. 1961-இல் பெல் ஆய்வகத்தில் ஐபிஎம் 704 பாடிய அதே பாட்டு. கூடியிருந்தவர்கள் மெட்டைக் கேட்டுப் பாட்டை அறிந்து கைதட்டினார்கள்.

மெட்டுப் புதிரின் பாதி அன்றே நடந்துவிட்டது: இயந்திரம் பாடியது, மனிதர் கண்டுகொண்டார். ஆனால் யார் முதலில் கண்டுகொண்டார் என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியாது. பாடும்போது அதன் முழு உழைப்பும் பாட்டிலேயே போயிற்று.

ஆப்பிள் 2: இரண்டு பொத்தான், ஒரே உழைப்பாளி

1977-இல் வந்த ஆப்பிள் 2-இல் ஒலிபெருக்கி உள்ளேயே இருந்தது. பொத்தானோடு கூடிய இரண்டு பேடில்களும் (குமிழைத் திருகி ஆடும் கைக்கருவிகள்) சேர்ந்து வந்தன. 'பிரேக்அவுட்' ஆட்டத்தைத் தம் கணினியில் பேசிக் மொழியிலேயே எழுத வேண்டும் என்பதற்காகத்தான் வண்ணம், ஒலி, பேடில் மூன்றையும் சேர்த்ததாக அதை வடிவமைத்த ஸ்டீவ் வாஸ்னியாக் சொல்லியிருக்கிறார். ஒலியும் இரண்டு கைகளும் ஒரே பெட்டியில் வந்தன.

ஆனால் ஒலிச்சில்லு கிடையாது. ஒரு குறிப்பிட்ட நினைவக முகவரியை நிரல் தொடும்போதெல்லாம் ஒலிபெருக்கியில் ஒரு 'டக்' எழும், அவ்வளவே. 440 ஹெர்ட்ஸ் சுரம் வேண்டுமானால் நொடிக்கு 880 முறை தொட வேண்டும். நொடிக்குச் சுமார் 10,23,000 துடிப்பு ஓடும் செயலியில், இரண்டு தொடலுக்கு இடையே கிடைப்பது ஏறத்தாழ 1,162 துடிப்பு. அந்த இடைவெளியில் இரண்டு பொத்தான்களையும் எட்டிப் பார்த்துவிட்டு வரக் குறைந்தது 12 துடிப்பு செலவாகும். அதைக் கணக்கில் கழிக்க மறந்தால், சுரம் ஓர் அரைச்சுரத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு இறங்கிவிடும். கவனித்தால் சுருதி குறையும், சுருதியே கண்ணாக இருந்தால் கவனம் தப்பும். துடிப்புகளை எண்ணி எண்ணி இயந்திர மொழியில் எழுதியவர்களே இரண்டையும் காப்பாற்ற முடிந்தது.

பேடில் இல்லாமல் விசைப்பலகையிலேயே இருவர் ஆடினால் வேறொரு அநீதி. ஆப்பிள் 2-இன் விசைப்பலகை, கடைசியாக அழுத்திய ஒரு விசையை மட்டுமே நினைவில் வைத்திருக்கும். நிரல் பார்ப்பதற்குள் இருவரும் அழுத்திவிட்டால், முந்தியவர் அழிந்துபோவார். பிந்தியவருக்கே புள்ளி கிடைக்கும்.

அடாரி: பாட்டுக்குத் தனி ஆள்

1979-இல் வந்த அடாரி 400, 800 கணினிகளில் போக்கி என்ற சில்லு பாட்டுப் பொறுப்பை ஏற்றது. நான்கு குரல், முன்புறம் ஜாய்ஸ்டிக் செருக நான்கு வாய்கள். பேசிக் மொழியில் 'சவுண்ட் 0, 121, 10, 8' என்று ஒரு வரி கொடுத்தால் நடு ஸ்தாயி சட்ஜமத்துக்குச் சமமான சுரம் எழும். அதன்பின் செயலி அதை மறந்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். மறு கட்டளை வரும்வரை சுரம் நின்று ஒலிக்கும். அந்த நேரத்தில் நிரல் இரண்டு ஜாய்ஸ்டிக் பொத்தான்களையும் மாறி மாறிப் பார்க்கலாம். என் கணிப்பில் இதுவே இந்த வரலாற்றின் திருப்புமுனை.

அக்கால இதழ்கள் நிரல்களை முழுமையாக அச்சிட்டன. வாசகர்கள் அவற்றைத் தட்டச்சு செய்து ஆடினார்கள். அப்படிப்பட்ட நிரலுக்குள் ஒரு மெட்டு எப்படி இருக்கும்? இதோ: 121, 121, 81, 81, 72, 72, 81. எண் குறையக் குறையச் சுரம் ஏறும். ச ச ப ப த த ப என்று வாய்விட்டுப் பாடிப் பார்த்தால் 'ட்விங்கிள் ட்விங்கிள்' வந்துவிடும். எண்களாகக் கிடக்கும்போது அது யார் கண்ணுக்கும் பாட்டாகத் தெரியாது. அதனால் நிரலைத் தட்டச்சு செய்தவரே ஆட்டத்திலும் உட்காரலாம். பெயர்ப்பட்டியல் தெரிந்திருந்தாலும் எந்த எண்வரிசை எந்தப் பாட்டு என்பது ஒலித்த பிறகே விளங்கும்.

இந்த எண்கள் முழு எண்களாகவே இருக்க வேண்டியிருந்ததால் மேல் ஸ்தாயியில் சுருதி சிதைந்தது. 1,046.5 ஹெர்ட்ஸ் வேண்டிய இடத்தில் 29 என்று கொடுத்தால் 1,065, 30 என்று கொடுத்தால் 1,031 கிடைக்கும். நடுவில் எதுவும் இல்லை. தேர்ந்த காது முகம் சுளிக்கும். ஆனாலும் ஏற்றம் ஏற்றமாகவே இருந்ததால் மெட்டு பிடிபட்டது. பார்சன்ஸ் சொன்னது இங்கே நடைமுறையில் மெய்யாயிற்று.

1982: ஒரு பின்னடைவும் ஒரு நிறைவும்

வளர்ச்சி நேர்கோட்டில் போகவில்லை. 1982 ஏப்ரலில் பிரிட்டனில் வந்த இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் மலிவு விலைக்காக ஒலிச்சில்லையும் ஜாய்ஸ்டிக் வாயையும் கைவிட்டது. அதன் 'பீப்' கட்டளை ஒரு சுரத்தைப் பாடி முடிக்கும்வரை கணினி வேறெதையும் பார்க்காது. சுரத்தின் நடுவே தட்டிவிட்டு எடுத்த விரல் அதற்குத் தெரியவே தெரியாது. இருவரும் ஒரே நேரத்தில் விசையை அழுத்திப் பிடித்திருந்தால், விசையைப் பார்க்கும் வழக்கமான கட்டளை யாருமே அழுத்தவில்லை என்று சொல்லிவிடும். தீர்வும் அந்தப் பெட்டிக்குள்ளேயே இருந்தது. விசைப்பலகை ஐந்தைந்து விசைகள் கொண்ட அரைவரிசைகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. இடது அரைவரிசை ஒருவருக்கு, வலது மற்றவருக்கு என்று ஒதுக்கி, இரண்டையும் தனித்தனியே படித்தால் நியாயம் கிடைத்தது.

இதற்குச் சற்று முன்பே, 1981 டிசம்பரில் வந்த பிபிசி மைக்ரோவில் சுரங்கள் வரிசையில் காத்திருந்து தாமாகவே ஒலித்தன; அந்நேரம் நிரல் விசைகளைக் கவனிக்கலாம். 1984-இல் இந்தியப் பள்ளிகளில் தொடங்கிய கிளாஸ் என்ற கணினிக் கல்வித் திட்டத்தில் நம் மாணவர் தொட்டதும் இந்த வகைக் கணினியைத்தான்.

1982 ஆகஸ்டில் வந்த காமடோர் 64, ராபர்ட் யானெஸ் வடிவமைத்த சிட் சில்லோடு மூன்று குரலும் நேர்த்தியான ஒலியும் தந்தது. ஆனால் ஆட்டத்துக்கு உதவியது அதைவிட எளிய ஒன்று: ஓடும் வேலையைச் சற்றே நிறுத்தி, நொடிக்கு 60 முறை நடக்கும் குறுக்கீடு. மெட்டை நகர்த்துவதையும் பொத்தான் பார்ப்பதையும் அந்தக் குறுக்கீட்டில் வைத்துவிட்டால், 1/60 நொடி இடைவெளியில் தவறாமல் இரண்டும் நடக்கும். அந்த இடைவெளிக்குள்ளேயே இருவரும் அழுத்திவிட்டால், நிரல் முதலில் பார்ப்பவருக்கே சாதகம். நேர்மையான நிரல் ஒவ்வொரு சுற்றிலும் பார்க்கும் வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும்.

தீர்ப்பு யாருடையது?

யார் முந்தினார் என்பதைக் கணினி கற்றுக்கொண்டது. சொன்ன பதில் சரியா என்பதை அது முழுமையாகக் கற்றுக்கொள்ளவில்லை. பேச்சு அதற்குக் கேட்காது. தட்டச்சு செய்தால், ஓர் எழுத்துப் பிழைக்கும் இடைவெளிக்கும் அது 'தவறு' என்றது. காமடோர் 64-இல் முதல் வாயிலுள்ள ஜாய்ஸ்டிக் பொத்தானை அழுத்தினால் இடைவெளி விசையை அழுத்தியதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். ஒருவர் பதில் அடிக்கும்போது மற்றவரின் விரல் அதைக் கெடுத்துவிடலாம்.

இதைவிட ஆழமான சிக்கலும் உண்டு. மேலே காட்டிய ஏழு சுரங்களுக்கு 'ட்விங்கிள்' மட்டும் விடையல்ல. ஆங்கில அகரவரிசைப் பாட்டுக்கும் அதே மெட்டுதான். இரண்டாவதைச் சொன்ன குழந்தை சொன்னதும் சரி. ஒரே ஒரு பெயரைச் சேமித்து வைத்திருக்கும் நிரல் அந்தக் குழந்தையைத் தோற்கடித்துவிடும். அதனால் விடையைத் திரையில் காட்டிவிட்டு, 'சொன்னது சரியா?' என்று ஆடுபவர்களையே கேட்பது, நிரல் எழுதுபவருக்கு மிக எளிய வழியாகவும் மிக நியாயமான வழியாகவும் இருந்தது.

முடிவுரை

இந்த ஏழு ஆண்டு வரலாற்றைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. மெட்டுப் புதிரை வளர்த்தது குரலின் இனிமை அல்ல. பாட்டையும் கவனிப்பையும் வெவ்வேறு கைகளில் ஒப்படைத்த வடிவமைப்பு. ஆல்டேர் பாடியது. ஆப்பிள் பாடிக்கொண்டே திணறிக் கவனித்தது. அடாரி பாட்டைச் சில்லிடம் விட்டுவிட்டுக் கவனித்தது. காமடோர் தவறாத கால அளவில் இரண்டையும் செய்தது. விடையை ஏற்பதோ மறுப்பதோ இறுதிவரை எதிரில் இருந்த மனிதரிடமே இருந்தது.

பழைய கணினிகளைப் பாதுகாப்போர் அவற்றின் ஒலியைப் பதிவு செய்து வைக்கிறார்கள், நல்ல பணி. ஆனால் இந்த ஆட்டத்தின் வரலாறு ஒலிப்பதிவில் இல்லை. உண்மைப் பெட்டியோடு இரண்டு பொத்தான்களையும் இணைத்து, எதிரே இன்னொருவரை உட்காரவைத்து ஆடிப் பார்த்தால்தான் அது புலப்படும். அருங்காட்சியகங்கள் இந்தக் கணினிகளைக் கண்ணாடிப் பேழைக்குள் பூட்டாமல், இரண்டு பேர் ஆடும்படி மேசைமேல் வைக்க வேண்டும்.