கூட்டை விட்டு வராத கடிகாரம்

வத்தல்மலைக் காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர், தம் தந்தை விட்டுச்சென்ற பழைய எச்.எம்.டி. சாவிக் கடிகாரத்தைக் கட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மலைமேல் பனியும் சாரலும் உண்டு. உழைக்கும் கைக்கு வியர்வையும் உண்டு. ஒரு நாள் கடிகாரம் நின்றுவிடுகிறது. தருமபுரிக்கு இறங்கிவந்து கடிகாரக் கடையில் கொடுக்கிறார். பின்மூடி திறந்துவிடுகிறது, ஆனால் உள்ளிருக்கும் மெஷின் கூட்டைவிட்டு அசைய மறுக்கிறது. நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? கத்திமுனையால் நெம்பிப் பார்ப்பீர்களா? அதற்கு முன் கடிகாரக் கூட்டின் கதையைச் சற்றுக் கேளுங்கள்.

சட்டைப்பையில் இருந்தவரை கடிகாரத்துக்குத் தொல்லை குறைவு. கைக்கு வந்ததும் தூசியும் ஈரமும் பகையாயின. எனவே கூட்டை இறுக்கமாக மூடும் வழிகளைத் தேடினார்கள். ஜெனீவாவைச் சேர்ந்த பிரான்சுவா போர்ஜெல் 1891இல் ஒரு காப்புரிமை பெற்றார். அவருடைய கூட்டுக்குத் தனியான பின்மூடி கிடையாது. மரையிட்ட ஒரு வளையத்தில் மெஷினைப் பொருத்தி, ஜாடிக்கு மூடி திருகுவதுபோல் முன்பக்கமாகத் திருகிவிடுவார்கள். முதல் உலகப் போரில் (1914-18) படைவீரர் பலர் இத்தகைய கைக்கடிகாரங்களை அணிந்தனர்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சாவி கொடுக்கும் குமிழின் காம்பு கூட்டின் பக்கவாட்டிலிருந்து மெஷினுக்குள் நுழைந்திருக்கிறது. அந்த நிலையில் வளையத்தைத் திருகினால் காம்பு முறியும் அல்லவா? அதற்காகவே போர்ஜெல் காம்போடு ஒரு சுருள்வில்லைச் சேர்த்தார். குமிழை வெளியே இழுத்தால் காம்பின் நுனி மெஷினைவிட்டு விலகும். பிறகு வளையத்தைத் தாராளமாகத் திருகலாம். இதை அறிந்தவருக்கு ஒரு நிமிட வேலை. அறியாதவருக்கு முறிந்த காம்புதான் மிஞ்சும்.

1926இல் ரோலக்ஸ் நிறுவனம் 'ஆய்ஸ்டர்' கூட்டைக் கொண்டுவந்தது. முன்வளையம், பின்மூடி, குமிழ் மூன்றும் திருகி மூடுபவை. 1927 அக்டோபரில் மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற நீச்சல் வீராங்கனை அதைக் கழுத்தில் தொங்கவிட்டு ஆங்கிலக் கால்வாயில் பத்து மணி நேரத்துக்கும் மேலாக நீந்தினார். குளிரால் அம்முறை அவரால் கரையை எட்ட முடியவில்லை. கடிகாரமோ ஓடிக்கொண்டே இருந்தது. பின்னாளில் சில கூடுகளில் பின்பக்கமே திறக்காதபடி செய்தார்கள். அவற்றில் காம்பு இரண்டு துண்டாக இருக்கும். நேராக இழுத்தால் பிரியும். பிறகு கண்ணாடியைக் கழற்றி, முன்பக்கமாக மெஷினை எடுக்க வேண்டும்.

நம் நாட்டில் எச்.எம்.டி. 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் உதவியோடு பெங்களூரில் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. பின்மூடி திறக்கும் சாதாரணச் சாவிக் கடிகாரத்தில் மெஷினைப் பிடித்திருப்பவை இரண்டு: காம்பும், விளிம்பில் உள்ள சிறு திருகுகளும். காம்பை விடுவிக்கச் சிலவற்றில் ஒரு சிறு புள்ளியை மெல்ல அழுத்த வேண்டும். சிலவற்றில் ஒரு திருகை ஓரிரு சுற்று தளர்த்த வேண்டும். முழுவதும் கழற்றிவிட்டால் உள்ளிருக்கும் நெம்புகோல் நழுவி டயலுக்கு அடியில் விழுந்துவிடும்.

இவையெல்லாம் செய்தும் மெஷின் வராவிட்டால்? அங்கேதான் வேதியியல் வருகிறது. இரும்பைவிட அதன் துரு அதிக இடத்தை அடைக்கும். ஆகவே துருப்பிடித்த காம்பு தன் துளைக்குள் பருத்து இறுகிவிடுகிறது. வியர்வை உப்பு பட்ட பித்தளையில் பச்சைக் களிம்பு பூத்து, மெஷினையும் கூட்டையும் ஒட்டவைக்கிறது. இதற்கு மருந்து பலமன்று, பொறுமை. துருவை இளக்கும் எண்ணெயில் ஊசிமுனையளவு தொட்டு இறுகிய இடத்தில் மட்டும் வைத்து, ஒரு நாள் விட்டுவைக்க வேண்டும். பின்பு காம்பை இருபுறமும் இம்மியளவு அசைத்துப் பார்க்க வேண்டும். நெம்பினால் டயல் வளையும். தலைமுடிபோன்ற சுருள்வில் சிக்கினால் கடிகாரத்தின் உயிரே போய்விடும்.

டாட்டா குழுமமும் தமிழக அரசின் டிட்கோவும் சேர்ந்து 1984இல் தொடங்கிய டைட்டன் நிறுவனம் ஓசூரில் தொழிற்சாலை அமைத்தபோது, அவ்வூர் தருமபுரி மாவட்டத்தில்தான் இருந்தது. 2004இல்தான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குப் போயிற்று. பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் கடிகாரம் பரவியபின், பழுதான மெஷினை எறிந்துவிட்டுப் புதிதாக மாற்றும் வழக்கம் வந்தது. ஆனால் பழைய சாவிக் கடிகாரத்துக்கு அது எளிதன்று. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூட 2016இல் அரசு முடிவெடுத்தது. இன்று உடைவது பெரும்பாலும் இன்னொரு பழைய கடிகாரத்திலிருந்துதான் ஈடாகும்.

ஆகவே, கூடு எப்படி மூடப்பட்டது என்று முதலில் கேளுங்கள். மூடியவர் ஒரு வழியை விட்டே மூடியிருப்பார். அதைக் கண்டுபிடித்துக் கழற்றத் தெரிந்த பெரியவர் உங்கள் ஊர்க் கடைத்தெருவில் இன்னும் இருந்தால், அவர் பக்கத்தில் ஒரு நாள் உட்கார்ந்து பாருங்கள். காப்பாற்ற வேண்டியது கடிகாரத்தை மட்டுமன்று, அந்தக் கைப்பழக்கத்தையுந்தான்.