ஒளிந்திருந்த போலீசும் சாலையோரக் கேமராவும்



2012ஆம் ஆண்டின் கடைசியில் எங்கள் லயத்துப் பெரியவர் ஒருவர் கையில் ஒரு கடிதத்தோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார். "வாத்தியாரே, நான் போகாத ஊரில் என் மோட்டார் சைக்கிள் எப்படிச் சிவப்பு விளக்கைத் தாண்டியது?" என்று கேட்டார். முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய மனிதர். மலாய் மொழிக் கடிதத்தைப் பேத்தி படித்துச் சொல்லியிருந்தாள். 300 வெள்ளி என்பது மட்டும் அவருக்கு நன்றாகப் புரிந்திருந்தது. படத்தில் எண் தட்டு பளிச்சென்று தெரிந்தது. ஓட்டியவன் முகம் தெரியவில்லை. அந்த வண்டியை அவர் எப்போதோ விற்றுவிட்டார். ஒரு துண்டுத் தாளில் கையெழுத்து வாங்கியதோடு சரி, பெயரை மாற்றவில்லை.

சாலையில் வேகத்துக்கு அபராதம் என்பது நேற்று வந்த வழக்கம் அல்ல. 1896ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்தில் வால்ட்டர் ஆர்னல்ட் என்பவர் மோட்டார் வண்டியில் போனார். ஊருக்குள் மணிக்கு 2 மைல்தான் போகலாம் என்பது அன்றைய சட்டம். அவர் 8 மைல் வேகத்தில் போனாராம். ஒரு போலீஸ்காரர் சைக்கிளில் துரத்திப் பிடித்தார். வேகத்துக்காக விதித்த அபராதம் 1 ஷில்லிங். பிடித்தவரும் பிடிபட்டவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்ட காலம் அது.

1903ஆம் ஆண்டுச் சட்டம் வேகத்தை 20 மைலாக உயர்த்தியது. அதே சட்டம்தான் அந்நாட்டில் ஒவ்வொரு வண்டிக்கும் எண் தட்டைக் கட்டாயமாக்கியது. போலீசார் வேலி மறைவில் ஒளிந்துகொண்டு, அளந்து வைத்த தூரத்தை வண்டி எத்தனை வினாடியில் கடக்கிறது என்று கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். வண்டிக்காரர்களுக்கு வந்த கோபத்தைச் சொல்ல வேண்டியதில்லை. 1905இல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள். சங்கத்தின் ஆட்கள் சைக்கிளில் சுற்றி, போலீஸ் ஒளிந்திருக்கும் இடத்தை முன்கூட்டியே சொல்லி எச்சரித்தார்கள். 1910இல் நீதிமன்றம் இது போலீசின் கடமைக்குக் குறுக்கே நிற்கும் குற்றம் என்று தீர்ப்பளித்தது. சங்கம் சளைக்கவில்லை. அதன் ஆட்கள் உறுப்பினர் வண்டியைக் கண்டால் சலாம் வைப்பது வழக்கம். "எங்கள் ஆள் சலாம் வைக்காவிட்டால், வண்டியை நிறுத்திக் காரணம் கேளுங்கள்" என்று சங்கம் உறுப்பினர்களுக்குச் சொல்லி வைத்தது. சலாம் வைக்காததற்கு எந்த நீதிமன்றம் தண்டனை கொடுக்கும்? நம் நாட்டுச் சாலையில் எதிரே வரும் லாரிக்காரர் விளக்கை மின்னிக் காட்டுகிறாரே, அந்தத் தந்திரத்துக்கு இவர்களே முன்னோர்.

மனிதன் இருந்த இடத்துக்குக் கருவி வந்த கதையும் வேடிக்கையானது. மோரிஸ் காட்சோனிடஸ் 1911இல் நமக்கு அடுத்த ஜாவாத் தீவில் பிறந்த டச்சுக்காரர். 1953இல் மோண்டி கார்லோ மோட்டார்ப் பந்தயத்தில் வென்றவர். வளைவுகளில் தாம் இன்னும் வேகமாகப் போவது எப்படி என்று அளந்து பார்க்கவே ஒரு கருவி செய்தார். சாலைக்குக் குறுக்கே இரண்டு ரப்பர்க் குழாய்கள். முதல் குழாயில் சக்கரம் ஏறினால் கடிகாரம் ஓடும், இரண்டாவதில் ஏறினால் நிற்கும். நாம் வெட்டிய பாலும் அந்தக் குழாயில் இருந்திருக்குமோ என்னவோ! வேகமாக ஓட்டச் செய்த கருவி வேகத்தைப் பிடிக்கும் கருவியாகிப் பல நாடுகளுக்குப் போனது.

மலேசியாவில் ஏ.இ.எஸ். என்ற தானியங்கி முறை 2012 செப்டம்பரில் 14 கேமராக்களோடு தொடங்கியது. 831 கேமராக்கள் வைப்பதாகத் திட்டம். நடத்தும் பொறுப்பு இரண்டு தனியார் நிறுவனங்களிடம் இருந்தது. அபராதப் பணத்தில் அவற்றுக்கும் பங்கு என்று தெரிந்ததும் மக்கள் கொதித்தார்கள். உயிரைக் காக்கவா, பணம் பண்ணவா என்று கேட்டார்கள். சாலையில் பிள்ளைகளை இழந்த குடும்பங்கள் நம் தோட்டங்களிலும் உண்டு. ஆகவே கேமராவே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மக்கள் கேட்ட கேள்வி நியாயமானது. 2013 ஜனவரியில் தீபகற்ப மலேசியாவில் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளமே மாதம் 900 வெள்ளி. ஒரு சம்மன் அதில் மூன்றில் ஒரு பங்கு.

2012 டிசம்பரில் சட்டத்துறைத் தலைவர் இந்த வழக்குகளை நிறுத்தி வைத்தார். 2017இல் முறைக்கு அவாஸ் என்று பெயர் மாறியது. 2018இல் ஆட்சி மாறியபின் அரசாங்கம் பொறுப்பை ஏற்று, அதுவரை கட்டப்படாமல் கிடந்த ஏறக்குறைய 31 லட்சம் சம்மன்களை ரத்து செய்தது. செப்டம்பர் 1 முதல் அபராதம் 150 வெள்ளி என்றானது. ஏற்கெனவே கட்டியவர்களுக்குப் பணம் திரும்பவில்லை.

எங்கள் பெரியவர் கட்டியவர்களில் ஒருவர். கடிதம் வந்த வாரமே சீட்டுப் பணத்தை எடுத்துக் கட்டிவிட்டார். கேமராவுக்கு எண் தட்டுதான் தெரியும், பதிவில் யார் பெயரோ அவர் வீட்டுக்குத்தான் கடிதம் வரும், ஓட்டியவர் யார் என்று அவர்தான் எழுதித் தெரிவிக்க வேண்டும் என்பதை நான் விளக்கிச் சொன்னபோது காலம் கடந்திருந்தது. வண்டி வாங்கியவனைத் தேடிப் பிடித்து, சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு அழைத்துப் போய்ப் பெயரை மாற்றினோம். 2018இல் ரத்துச் செய்தி வந்த அன்று மாலை, பேத்தி அதைப் பத்திரிகையிலிருந்து படித்துக் காட்டினாளாம். இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பெரியவர் அந்த ரசீதை எடுத்து அவளிடமே கொடுத்து, பத்திரமாக வைக்கச் சொன்னார்.