உள்ளாட்சித் தேர்தல்: காலமும் முறையும் (கீரமங்கலம் வட்டாரம்)

புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடி வட்டத்திலுள்ள கீரமங்கலம் ஒரு பேரூராட்சி. அக்கம்பக்கத்துக் கொத்தமங்கலமும் வடகாடும் ஊராட்சிகள். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்ய, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். பிறகு ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரிலும், பேரூராட்சிக்கு 2022 பிப்ரவரி 19-இலும்தான் வாக்குப்பதிவு. ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தல் என்ற அரசமைப்பு விதி ஏட்டோடு நின்றது.

முறையும் வேறு. ஊராட்சி வாக்காளர் வெள்ளை, இளஞ்சிவப்பு, பச்சை, மஞ்சள் என நான்கு சீட்டுகளில் முத்திரை குத்தினார். ஊராட்சித் தலைவரை அவரே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார். கீரமங்கலத்தில் இயந்திரத்தில் ஒரே பொத்தான். 2011-இல் மக்கள் தேர்ந்தெடுத்த பேரூராட்சித் தலைவர் பதவியை 2022-இல் கவுன்சிலர்களே நிரப்பினர். வாக்காளருக்கு இது இழப்புதான். ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-இல் முடிய, நிர்வாகம் மீண்டும் தனி அலுவலர்களிடம் சென்றது.